பெயருக்கு நேரே எழுதியது

டீசல் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று பேருந்தை எடுத்துக்கொண்டு போன டிரைவர் இரண்டரை மணி நேரமாகத் திரும்பவில்லை. டீசல் போட இவ்வளவு நேரம் ஆகாது என்பது குலிஸாருக்குத் தெரியும். அவளோடு வந்திருந்த முப்பத்தேழு பெண்களுக்கும் தெரியும். ஆனால் யாரும் டிரைவரைத் திட்டவில்லை, பயணத்துக்கு ஏற்பாடு செய்த கம்பெனி ஆட்களையும் கேட்கவில்லை. குலிஸாரைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வீடு வீடாக ஏறி இறங்கி அவர்களைக் கிளப்பிக்கொண்டு வந்தவள் அவள்தானே.

"எதையும் விக்க மாட்டாங்க, நான் சொல்றேன்ல" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லியிருந்தாள்.

சனாக்கலே ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த அந்தக் கல்யாண மண்டபத்தில் பகல் நேரத்தில் கல்யாணம் கிடையாது. கூரையில் வெள்ளி நாடாக்கள் தொங்கிக்கொண்டிருந்தன. மேடையில் மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் அன்றைக்கு ஒரு மெத்தையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் எஃகுப் பாத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, கோபுரம் போல. விடியும் முன்பே தங்கள் ஊரான இனெகோலிலிருந்து புறப்பட்டு வந்தவர்களை, படகேறி, பழைய போரில் மாண்ட தியாகிகளின் கல்லறைக்குப் போகும் முன் சூடாக ஏதாவது சாப்பிடலாம் என்று சொல்லி இங்கே இறக்கினார்கள். பருப்புச் சூப், பாலாடைக்கட்டி, ஆலிவ், தேநீர். சாப்பிட்டு முடிப்பதற்குள் பேருந்து போய்விட்டது. நீலக் கோட்டுப் போட்ட எர்குத் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தான்.

எர்குத்தை குலிஸாருக்கு மார்ச் மாதத்திலிருந்து தெரியும். ஒரு பெட்டி லோகும் மிட்டாயோடு அவள் வீட்டுக்கு வந்தான். காலணியைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தான். சனாக்கலே போய்வர ஆளுக்கு ஐம்பது லிரா, அதுவும் படகுக் கூலிக்கு, மீதியெல்லாம் எங்கள் முதலாளியின் தர்மம் என்றான். இன்ஷூரன்சுக்காக எல்லோருடைய அடையாள அட்டை நகலும் வேண்டும் என்றான். "கூடவே ரெண்டு வார்த்தை எழுதிக் குடுங்கக்கா. யாருக்கு முட்டி வலி, யாருக்கு சர்க்கரை, அப்படி. நாங்க பாத்துப் பாத்து உக்கார வைப்போம்."

குலிஸார் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். பள்ளியிலேயே அழகான கையெழுத்து அவளுடையது. மேலே படிக்க வைக்கச் சொல்லி ஆசிரியை வீடு வரை வந்து கேட்டும் அப்பா அசையவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கையெழுத்துக்கு இருந்த ஒரே வேலை பட்டியல் எழுதுவதுதான். மேசை நாற்காலிப் பட்டறைகளுக்குப் பின்னால், எந்நேரமும் வார்னிஷ் வாசம் அடிக்கும் அந்தத் தெருவில் திரைச்சீலை தைத்துப் பிழைத்தாள். ஆனால் ஒரு சாவு விழுந்தால் எந்த வீட்டிலிருந்து எந்தப் பதார்த்தம், கல்யாணம் என்றால் எந்தக் காரில் யார், பேசிக்கொள்ளாத எந்த இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைக்கக்கூடாது, எல்லாம் அவள் தாளில் இருக்கும். "பேட்டைத் தலைவரா முக்தார்னு ஒருத்தர் சும்மா சம்பளம் வாங்குறாரு. தெருவப் பூரா என் பொண்டாட்டிதான் நடத்துறா" என்று அவள் கணவர் ரிஃபத் தேநீர்க் கடையில் சொல்வார். பாதி கேலி, பாதி பெருமை.

அதனால் எர்குத் கேட்டதும் இரண்டு மாலைப் பொழுதுகள் உட்கார்ந்து, அகர வரிசைப்படி, ஒவ்வொரு பெயருக்கும் நேரே எழுதிக் கொடுத்தாள். ரோஜா நிறக் கோப்பு ஒன்றில் அட்டை நகல்களோடு அடுக்கிக் கொடுத்தாள். அவன் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்க ஆபீஸ்லகூட இப்படி எழுத ஆளில்லக்கா" என்றான். அன்று இரவு அவளுக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

இப்போது எர்குத் மேடையிலிருந்து இறங்கி மேசைகளுக்கு நடுவே நடந்தான்.

"நான் உங்ககிட்ட காசு கேட்டேனா அம்மா? சூப்புக்குக் கேட்டேனா? பஸ்சுக்குக் கேட்டேனா? உங்க பிள்ளை மாதிரி நின்னு ஒரு விஷயம் காட்டுறேன், அதைப் பாருங்கன்னுதானே சொல்றேன்."

சித்திகா உட்கார்ந்திருந்த மேசைக்கு முன்னால் நின்றான். கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தான்.

"உங்களுக்கு முட்டி வலி. அதுலயும் இடது முட்டி. சரியா?"

சித்திகா வாயைப் பொத்திக்கொண்டாள். மேசைகளில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

"குடிச்ச காப்பிக் கோப்பையக் கவுத்து மண்டியப் பாக்காமலே குறி சொல்றானே!" என்றாள் பெரிஹான். எழுபது வயது, தெருவிலேயே பெரிய வாய்.

சிலர் சிரித்தார்கள். குலிஸாரும் சிரிக்கப் பார்த்தாள். இடது என்று அவள்தான் எழுதியிருந்தாள். பேருந்தில் காலை நீட்ட இடம் கிடைக்கட்டும் என்று. சரி, நடையைப் பார்த்தே சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து முஅல்லாவின் தோளருகே குனிந்தான். ஒலிவாங்கியை வாயிலிருந்து விலக்கினான். ஆனால் எல்லோருக்கும் கேட்கிற அளவுக்குத்தான் விலக்கினான். "ஜெர்மனில இருக்கற பொண்ணு ரெண்டு வருஷமா வரலைல்ல? அவ வந்தா படுக்க வீட்ல நல்ல மெத்தை இருக்காம்மா?"

முஅல்லா கைக்குட்டையை எடுத்தாள்.

இதை யாரும் நடையைப் பார்த்துச் சொல்ல முடியாது. முஅல்லா இதைத் தெருவில்கூடச் சொல்லிக்கொள்பவள் அல்ல. *மகளை நினைத்து அழுவாள், பெரிஹான் அக்கா பக்கத்தில் உட்கார வைத்தால் நல்லது* என்று எழுதியது குலிஸாரின் கை.

மேடை மேசையைப் பார்த்தாள். ரோஜா நிறக் கோப்பு அங்கே திறந்து கிடந்தது.

அவள் எழுந்தாள். "தம்பி, மதியத் தொழுகைக்கு நேரமாயிருச்சு. பக்கத்துல பள்ளிவாசல் இருக்குமில்ல, போயிட்டு வந்துடறோம்."

தொழுகைக்கு வேண்டாம் என்று எவன் சொல்லுவான்? எர்குத்தும் சொல்லவில்லை. சிரித்தபடி மண்டபத்தின் ஓரத்தில் இருந்த திரையை விலக்கிக் காட்டினான். பின்னால் விரிப்புகள் போட்டிருந்தார்கள். கை கால் கழுவக் குழாய்கள் இருந்தன. தொழும்போது நோக்க வேண்டிய கிப்லா எந்தப் பக்கம் என்று தரையில் பச்சை நாடாவால் அம்புக்குறிகூட ஒட்டியிருந்தார்கள்.

"வெயில்ல எதுக்கு அலையறீங்க? ஒரு ஒருத்தரா போய் தொழுதுட்டு வாங்க. மத்தவங்க இங்க பேசிட்டிருக்கலாம்."

ஒரு ஒருத்தராக. குலிஸார் உட்கார்ந்துவிட்டாள்.

"பஸ் எப்பப்பா வரும்?" என்றாள் பெரிஹான். "கல்லறையில இருக்கறவங்க நூறு வருஷமா காத்திருக்காங்க, பரவாயில்ல. எனக்கு அவ்வளவு நாள் இல்ல."

"நீங்க எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறீங்களோ, அவ்வளவு சீக்கிரம் வரும் பெரியம்மா."

அதற்குள் வெள்ளைச் சட்டை போட்ட நான்கு பேர் மேசைக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவன் கையிலும் ஒரு கட்டுத் தாள். மெத்தையும் பாத்திரமும் சேர்த்து நாலாயிரத்து எண்ணூறு லிரா. கையில் காசு வேண்டாம், மாதம் இருநூறு வீதம் இருபத்துநாலு புரோநோட்டில் கையெழுத்துப் போட்டால் போதும். பெயர், அப்பா பெயர், அட்டை எண், முகவரி எல்லாம் ஏற்கெனவே அச்சடித்து வந்திருந்தன.

"உங்க பேரு கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சும்மா. இப்ப வேணாம்னா அதை எடுக்கறதுக்கே தனியா கட்டணும்" என்று ஒருவன் சித்திகாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மேடையை ஒட்டிய முதல் மேசையில் நஸீஃபே தனியாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் அவளைக் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போய் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைத்து ஓய்வு பெற்றவள். கணவன் இல்லை. வரும் இலையுதிர் காலத்தில் மகனுக்குக் கல்யாணம். கையில் வாங்கும் ஓய்வூதியம் ஆயிரத்து நானூறு. அவளுக்கு என்று எதற்கு முதல் மேசை என்று குலிஸார் காலையிலேயே யோசித்திருக்க வேண்டும். இப்போதுதான் அவள் பெயருக்கு நேரே எழுதியது நினைவுக்கு வந்தது. *இல்லை என்று சொல்லத் தெரியாது. கவனித்துக்கொள்ள வேண்டும்.*

நஸீஃபேயின் கையில் பேனா இருந்தது.

குலிஸார் நேராக மேடை மேசையருகே நின்றிருந்த எர்குத்திடம் போனாள். "அந்தக் கோப்பைக் குடு தம்பி."

"எந்தக் கோப்பு?"

"என் கோப்பு."

எர்குத் ஒலிவாங்கியின் பொத்தானை அணைத்தான். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, குரல் மட்டும் மாறிவிட்டது. "குலிஸாரக்கா, நீங்க எங்க ஆளு. உங்களுக்கு ஒரு மெத்தை இனாமா வீட்டுக்கு வந்துரும், லாரி வாடகைகூட இல்லாம. சும்மா போய் உக்காருங்க. இதையெல்லாம் யாரு எழுதிக் குடுத்தாங்கன்னு அந்த முஅல்லாம்மாவுக்குத் தெரிஞ்சா, நாளைக்கு உங்க தெருவுல உங்களால நடக்க முடியுமா? நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. அவ்வளவுதான்."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தத் தெருவில் அவளுக்கு வீடு சொந்தமில்லை, நகை இல்லை, ஜெர்மனியில் பிள்ளைகள் இல்லை. குலிஸார் சொன்னால் சரியாக இருக்கும் என்ற ஒரு பேச்சுதான் இருந்தது. முப்பது வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. திரும்பிப் போய் உட்கார்ந்தால் அது அப்படியே இருக்கும். நஸீஃபே இருபத்துநாலு தாளில் கையெழுத்துப் போடுவாள், சித்திகா போடுவாள், இன்னும் ஆறேழு பேர் போடுவார்கள், பேருந்து வந்துவிடும்.

நஸீஃபே முதல் தாளில் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவதை எடுத்தாள். எழுத்துக் கூட்டுவது போல மெதுவாக எழுதுபவள் அவள்.

குலிஸார் கை நீட்டி மேசையிலிருந்த கோப்பை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒலிவாங்கி தேவைப்படவில்லை. மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து தெருக்கோடிக் கடைக்காரனைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

"கேளுங்கடி எல்லாரும்! இவன் குறி சொல்றவன் இல்ல. முட்டி வலி, ஜெர்மனி, கல்யாணம், எல்லாம் நான் எழுதிக் குடுத்தது. பஸ்ல உக்கார வைக்கன்னு கேட்டான், எழுதினேன். இன்ஷூரன்சுக்குன்னு கேட்டான், அட்டை வாங்கிக் குடுத்தேன். அந்த அட்டையப் பாத்துத்தான் பேரை அச்சடிச்சிருக்கான். கம்ப்யூட்டரும் இல்ல ஒண்ணும் இல்ல. நீங்க கையெழுத்துப் போடாத வரைக்கும் அது வெறும் காகிதம்."

வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் தேநீர்க் குவளையைத் தட்டில் வைத்தான்.

"அக்காவுக்கு வெயில் ஒத்துக்கல போல" என்றான் எர்குத், ஒலிவாங்கியில்.

"நீ சும்மா இருடா" என்றாள் பெரிஹான். பிறகு குலிஸார் பக்கம் திரும்பினாள். "என்னைப் பத்தி என்னடி எழுதின?"

"அக்கா, இப்ப எதுக்கு அது..."

"ஊர் பேர் தெரியாத இவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியக்கூடாதா? படி."

குலிஸார் கோப்பைத் திறந்தாள். "பெரிஹான். வாய் ஓயாது. டிரைவர் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டாம்."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அது பரவியது. பெரிஹானும் தொடையில் அடித்துக்கொண்டாள். "வாய் ஓயாதாம்! ஓயாதுதான். இந்தக் கடங்காரன்கிட்ட இன்னிக்குத்தானே ஓஞ்சு உக்காந்திருந்தேன்!"

முஅல்லா சிரிக்கவில்லை. எழுந்து வந்தாள். குலிஸார் கையிலிருந்து தன் அட்டை நகலை உருவினாள். தன் பெயர் இருந்த வரியைப் பட்டியலிலிருந்து நீளமாகக் கிழித்து எடுத்துக்கொண்டாள். குலிஸாரின் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனாள். அதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். சிலர் பறித்தார்கள், சிலர் வாங்கினார்கள். சித்திகா மட்டும், "எனக்கு வலது முட்டிதான்டி ரொம்ப வலி. அதைக்கூடச் சரியா எழுதல நீ" என்றாள். அது சமாதானமா சண்டையா என்று தெரியவில்லை.

"எனக்கு என்ன எழுதின?"

நஸீஃபேயின் குரல். அவள் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. பேனாவையும் கீழே வைக்கவில்லை.

"உனக்குப் பெருசா ஒண்ணும் இல்லக்கா."

"படி குலிஸார்."

குலிஸார் படித்தாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

எர்குத் சட்டென்று முதல் மேசைக்கு வந்து நஸீஃபேயின் எதிரே குந்தி உட்கார்ந்தான். குரலைத் தணித்தான். "அதுல என்ன தப்பிருக்கு அம்மா? நல்ல மனசுன்னுதானே அர்த்தம். உங்க பையன் கல்யாணத்துக்கு வர்றவங்க முன்னாடி தலை நிமிந்து நிக்கணும்ல? ரெண்டு போட்டாச்சு. ஆரம்பிச்சதை முடிச்சிருங்க. வாக்கு குடுத்திருக்கீங்க எனக்கு."

நஸீஃபே அவனைப் பார்த்தாள். பேனாவுக்கு மூடி போட்டாள். கையெழுத்துப் போட்ட இரண்டு தாளையும் போடாத தாள்களையும் சேர்த்துத் தட்டி ஒழுங்குபடுத்தினாள், இரண்டாக மடித்தாள், தன் கைப்பைக்குள் வைத்தாள்.

"அதை என்கிட்ட குடுங்கம்மா. கம்பெனி காகிதம்."

"குடுக்க மாட்டேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. சொன்னது அவளுக்கே புதிதாக இருந்தது போல ஒரு கணம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எர்குத்தின் கை பையை நோக்கி நீண்டது. அதே நேரம் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம். பெரிஹான், சித்திகா, முஅல்லா, அவர்களுக்குப் பின்னால் இன்னும் பலர் எழுந்து நின்றார்கள். கை பாதியிலேயே நின்றது. அவனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கலாம். மூக்கின் மேல் வியர்த்திருந்தது.

"கூட்டிட்டுப் போங்கக்கா" என்றான், யாரையும் பார்க்காமல். "பஸ் வராது. நடந்தே போங்க எல்லாரும்."

நடந்தார்கள். கதவு பூட்டியிருக்கவே இல்லை. வெளியே நெடுஞ்சாலை, அந்தப் பக்கம் ஆலிவ் தோப்பு, எங்கோ கீழே கடலின் ஒரு கீற்று. சாலையோரக் கற்களில் வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரோ பையைத் திறந்து திராட்சை இலைச் சுருட்டுகளை எடுத்தாள். டப்பா கை மாறியது. குலிஸாரிடமும் வந்தது. கொடுத்தவள் தலையைத் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தாள். ஜெந்தர்மா காவல்படையின் ஜீப் ஒன்று வேகத்தைக் குறைத்து அவர்களைப் பார்த்துக்கொண்டே போனது. சிறிது தூரம் போய்த் திரும்பியும் வந்தது. இறங்கி வந்து என்ன ஏது என்று கேட்ட காவலரிடம் பெரிஹான் வாய் ஓயாமல் சொன்னாள். அவர் மண்டபத்துக்குள் போனார்.

குலிஸார் கற்கள் நெடுக ஒவ்வொருத்தியிடமும் போய் நின்றாள். "ஹலால் பண்ணிடு" என்றாள். உனக்கு நான் செய்ததை மன்னித்துக் கணக்கை முடித்துவிடு என்று கேட்பதற்கு அவர்களுக்கு இருக்கும் ஒரே வார்த்தை அதுதான். சாவுக்கு முன்னும் நீண்ட பயணத்துக்கு முன்னும் கேட்பது. சிலர் உடனே "ஹலால்" என்றார்கள். சிலர் யோசித்துச் சொன்னார்கள். முஅல்லா தரையைப் பார்த்துச் சொன்னாள்.

நஸீஃபே சொல்லவில்லை.

"நஸீஃபே அக்கா. ஹலால் பண்ணிடு."

"இல்ல."

"நல்லதுக்குத்தான் எழுதினேன். உன்னைப் பாத்துக்கட்டும்னு..."

"தெரியும். அதுக்கு இல்ல." நஸீஃபே சட்டை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். "போன பெருநாளுக்கு உன் சம்பந்தி வீட்டு ஆளுங்க எட்டு பேரை என் வீட்ல படுக்க வெச்ச. கேட்டியா என்கிட்ட? 'நஸீஃபே அக்கா வீட்ல இடம் இருக்கு'ன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு அப்புறம் எனக்குச் சொன்ன. நான் மூணு நாள் சமையல்கட்டுத் தரையில படுத்தேன். எனக்கு இல்லைன்னு சொல்ல வராதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு குலிஸார். எழுதற அளவுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் செஞ்சிருக்க. அவன் இன்னிக்கு ஒரு நாள் செஞ்சான்."

குலிஸார் கோப்பிலிருந்து நஸீஃபேயின் அட்டை நகலை எடுத்து நீட்டினாள். நஸீஃபே அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள்.

"மனசு வந்தா நானே வந்து சொல்றேன். நீ கேக்காத."

மண்டபத்துக்குள் போன காவலர் வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் பேருந்து வந்தது. டிரைவர் கண்ணாடி வழியாக நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். மாலைப் படகுக்கு இன்னும் நாற்பது நிமிடம்தான் இருக்கிறது, சீக்கிரம் ஏறுங்கள் என்று உதவியாளர் கத்தினார். பெண்கள் முண்டியடித்து ஏறினார்கள். யார் எங்கே என்று யாரும் சொல்லவில்லை. அவரவருக்குப் பிடித்த இடத்தில் உட்கார்ந்தார்கள். நஸீஃபே முன் வரிசை ஜன்னலுக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவளிடம், நகரு என்றாள்.

ஏறியவர்களை எண்ணுவது எப்போதும் குலிஸாரின் வேலை. இன்றைக்கு அவள் கீழேயே படிக்கட்டருகில் நின்றுகொண்டிருந்தாள். எண்ண ஆரம்பிக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

உள்ளே பெரிஹான் எண்ணுவது கேட்டது. ஒவ்வொரு தலையாகத் தட்டி, உரக்க, நடுநடுவே திட்டிக்கொண்டு.

"முப்பத்தஞ்சு. முப்பத்தாறு. ஏய் தலையத் தூக்குடி, முப்பத்தேழு." பிறகு கதவருகே வந்து குனிந்து எட்டிப் பார்த்தாள். "இன்னொண்ணு ரோட்ல நிக்குது. ஏறித் தொலைடி, படகு போயிரும்."